சூப்பர்வில்லன் கூட்டணி: சொல் விளக்கம்

காமிக்ஸ் படிக்கிறவர்களிடம் 'சூப்பர்வில்லன் டீம்' என்று சொன்னால், சூப்பர்ஹீரோக்களை எதிர்க்க ஒன்றுசேரும் கெட்டவர்கள் என்று புரிந்துகொள்வார்கள், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது, ஏனென்றால் சூப்பர், வில்லன், டீம் மூன்றுமே இரவல். இதில் 'வில்லன்' என்ற சொல்லுக்குப் பின்னால் சுவையான பழங்கதை ஒன்று இருக்கிறது, 'சூப்பர்' ஓரளவு சுலபமாக முடிந்துவிடும், 'டீம்' என்பதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணைவீடும் அதைச் சேர்ந்த நிலபுலன்களும். அந்தப் பண்ணையோடு கட்டுண்டு உழைத்தவன் 'வில்லானுஸ்', அதாவது நம் பேச்சில் பண்ணையாள். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய், நிலவுடைமைக்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கி முதலில் 'பட்டிக்காட்டான்' என்ற வசையாகி, அப்புறம் 'ஈனப்புத்திக்காரன்' ஆகி, கடைசியில் 'அயோக்கியன்' என்றே நிலைத்துவிட்டது. ஏர் பிடித்தவனை அயோக்கியனாக்கியது அவன் செய்த குற்றம் எதுவுமில்லை, பேரேடு யார் கையில் இருந்ததோ அவர்கள் பேச்சுதான். கதையில் நாயகனுக்கு எதிரே நிற்கும் பாத்திரம் என்ற இன்றைய பொருள் இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது.

தமிழுக்கு வந்ததும் இந்தச் சொல்லுக்கு ஒரு யோகம் அடித்தது. ஆங்கில ஒலியின் கடைசி அசை நம் ஆண்பால் விகுதி 'அன்' போலவே இருக்க, கள்ளன், திருடன் வரிசையில் வில்லனும் போய் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்ததோடு விடவில்லை, கள்ளனுக்குக் கள்ளி மாதிரி வில்லனுக்கு வில்லி பிறந்தாள், வில்லத்தனம் பிறந்தது, வில்லச் சிரிப்பு பிறந்தது. ஆங்கிலத்தில்கூட இந்தச் சொல்லுக்கு இவ்வளவு சரளமாகப் பெண்பால் வடிவம் கிடையாது. சினிமா இதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, இது வேற்றுமொழிச் சொல் என்ற நினைப்பே பலருக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, வில் ஏந்தியவன் வில்லன் என்று வேர் காட்டுகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். பழந்தமிழில் வில்லவன் என்பது சேரனைக் குறிக்கும், வில்லி என்றால் வில்லாளி, அதெல்லாம் உண்மைதான், ஆனால் அவர்களுக்கும் கதைகளில் வரும் கெட்டவனுக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதற்குத் தமிழ்ச் சொல்லாக அடிக்கடி முன்வைக்கப்படுவது 'எதிர்நாயகன்'. வடமொழி நாடக இலக்கணத்தில் வரும் 'பிரதிநாயகன்' என்பதன் நேர்த் தமிழாக்கம் அது. கேட்க நன்றாக இருக்கிறது, பயன்படுத்தும்போது காலை வாருகிறது. நல்லவனுக்குரிய குணங்கள் இல்லாமலே கதையின் மையத்தில் நிற்கும் நாயகனையும் இன்று பலர் 'எதிர்நாயகன்' என்றுதான் எழுதுகிறார்கள். அவன் வேறு, இவன் வேறு. ஒரே சொல்லை இருவருக்கும் மாட்டினால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார். கொடியோன், தீயோன் என்று போகலாம், செய்யுளில் அழகாக இருக்கும், உரையாடல் பலூனுக்குள் போட்டால் புராண நாடகம் மாதிரி ஆகிவிடும். என் கட்சி: வில்லன் போதும். வில்லி வரைக்கும் பெற்றுக்கொடுத்த சொல்லை இனிமேல் வெளியே அனுப்புவது நியாயமில்லை.

சரி, 'சூப்பர்'. லத்தீனில் 'மேலே' என்று பொருள். தமிழில் 'மீ' அதே வேலையைச் செய்யும். மீக்கணினி என்று சொல்கிறோம், சூப்பர்ஹீரோவை 'மீநாயகன்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழியில் 'மீவில்லன்' என்று ஆக்கலாம், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூப்பர்மேன் 1938-இல் வந்தார், 1939-இல் அவருக்கு அல்ட்ரா-ஹியூமனைட், 1940-இல் லூதர் என்று எதிரிகள் வந்தார்கள். லூதருக்குப் பறக்கத் தெரியாது, தோட்டா பட்டால் செத்துவிடுவார், இருப்பது மூளை மட்டும்தான். ஆகவே சூப்பர்வில்லனில் உள்ள 'சூப்பர்' அவர் உடம்பில் உள்ள சக்தியைக் குறிப்பதில்லை, யாருக்கு எதிராக நிற்கிறார் என்பதைத்தான் குறிக்கிறது.

இனி 'டீம்'. இந்த வகைக் கூட்டத்தின் முன்னோடி என்று 1943-இல் கேப்டன் மார்வெல் இதழ்களில் தொடங்கிய 'மான்ஸ்டர் சொசைட்டி ஆஃப் ஈவில்' தொடர்கதையைச் சொல்லலாம். இரண்டு ஆண்டுகள் ஓடிய கதை. தலைவர் யார் என்று தெரியாமல் ஒரு குரல் மட்டும் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும், மிஸ்டர் மைண்ட் என்று பெயர். உலகத்தையே ஆட்டிவைக்கும் அந்த மிஸ்டர் மைண்ட், பிறகு பார்த்தால் கண்ணாடி போட்ட சின்னஞ்சிறு புழு. அடுத்து, 1940-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற நாயகர் குழுவுக்கு மறுபக்கமாக 1947-இல் 'இன்ஜஸ்டிஸ் சொசைட்டி' வந்தது. நீதிச் சங்கத்துக்கு எதிராக அநீதிச் சங்கம்! 1964-இல் எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோ தன் ஆட்களுக்கு வைத்த பெயரிலும் 'ஈவில்', அதாவது தீமை, இருந்தது, அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவின் எதிரி ஜீமோ பிரபு வைத்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில்' என்பதிலும் இருந்தது. தன்னைத் தானே தீயவன் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நாயகர்கள் எல்லாரும் அடக்க ஒடுக்கமாக இருக்கும் ஒரு பக்கத்தில், கூச்சமே இல்லாமல் 'நாங்கள் கெட்டவர்கள்' என்று அறிவித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் ஒரு உற்சாகம் தொற்றத்தான் செய்கிறது.

இவர்கள் ஒன்றுசேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் 'டீம்' என்ற சொல் எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். ஸ்பைடர்மேனின் முதல் ஆண்டுமலர், 1964, எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. டாக்டர் ஆக்டோபஸ், எலக்ட்ரோ, க்ரேவன், மிஸ்டீரியோ, சேண்ட்மேன், வல்ச்சர் ஆகிய ஆறு பேர் 'சினிஸ்டர் சிக்ஸ்' என்று கைகோக்கிறார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்திருந்தால் ஸ்பைடர்மேன் கதை அன்றோடு முடிந்திருக்கும். பாய மாட்டார்கள். ஆளுக்கொரு இடத்தில் தனித்தனியாகக் காத்திருக்கிறார்கள், ஒருவரிடம் சண்டை முடித்துவிட்டு ஸ்பைடர்மேன் அடுத்தவரிடம் போகிறார். ஆளைக் கொல்ல வேண்டும் என்பதைவிட, கொன்ற பெருமை தனக்கே வர வேண்டும் என்ற எண்ணம் பெரிது என்றுதான் எனக்குப் படுகிறது. டிட்கோவும் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கி, ஆறு பேருக்கும் தனித்தனி மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையே கடத்தி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பைடர்மேனின் மே அத்தைக்குத் தான் கடத்தப்பட்டதே தெரியாது. டாக்டர் ஆக்டோபஸ் எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று பூரித்துப் போய் உட்கார்ந்திருப்பார்.

அதே ஆண்டில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில்' அவெஞ்சர்ஸோடு மோதியபோது நடந்ததும் இதற்குச் சளைத்ததில்லை. ஒவ்வொரு வில்லனும் தன் பழைய எதிரியை மட்டும் மனத்தில் வைத்து வந்தவன், உருக்கும் கருவியோடு வந்த மெல்ட்டருக்கு அயர்ன்மேன்தான் இலக்கு, ரேடியோஆக்டிவ் மேனுக்குத் தோர். நாயகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான், வில்லன்கள் கதை முடிந்தது. ஒரு பக்கம் அணி, இன்னொரு பக்கம் நான்கைந்து தனிக்கணக்கு.

இந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. ஒரே நோக்கத்துக்காக ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து நிற்கிறவர்கள் அணி. அவரவர் கணக்கோடு, பொது எதிரி ஒருவரை முன்னிட்டு, பிரியும் தேதி தெரியாமல் சேர்கிறவர்கள் கூட்டணி. இலக்கணப்படி பார்த்தால் கூட்டணியும் அணிகள் கூடியதுதான், ஆனால் புழக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒரு சந்தேகம் ஏறிவிட்டது: எத்தனை நாளைக்கு? வில்லன்கள் சேர்கிற கதையை நாம் படிப்பதே அந்தச் சந்தேகத்துக்காகத்தான். நாயகன் தோற்பானா என்பது ஒரு கேள்வி, அதற்கு விடை பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அமெரிக்க காமிக்ஸுக்கு 1954-இல் வந்த ஒழுங்குவிதிகள் நன்மைதான் வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டன. முடிவு பூட்டப்பட்டுவிட்டால் விறுவிறுப்பு வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும், வில்லன்கள் ஒரே அறையில் கூடினால் அது தானாக வருகிறது: முதலில் துரோகம் செய்யப்போவது யார்? நீதிக்காகச் சேர்ந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

வள்ளுவர் இதற்கென்றே 'கூடாநட்பு' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். மனம் ஒட்டாமல் கூடியிருப்பவர்களின் நட்பு, சமயம் பார்த்து ஓங்கி அடிப்பதற்கு வைத்த கொல்லர் பட்டடை என்பது அதன் முதல் குறள். லெக்ஸ் லூதர் கூட்டுகிற எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பட்டடைதான் ஞாபகத்துக்கு வரும். பேச்சுத் தமிழில் இன்னும் ருசியான சொல் ஒன்று உண்டு, கூட்டுக்களவாணிகள். மின்னல்வேக நாயகன் ஃப்ளாஷின் எதிரிகளான கேப்டன் கோல்டு வகையறாவுக்கு இது அச்சாகப் பொருந்தும், அவர்கள் உலகை ஆளத் துடிப்பவர்கள் கிடையாது, கொள்ளையடிப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள், உடை தைத்துக் கொடுக்க பால் காம்பி என்று தனித் தையல்காரரே உண்டு. ஆனால் மேக்னீட்டோவைக் களவாணி என்றால் சண்டைக்கு வந்துவிடுவார், ஆகவே பொதுச் சொல்லாக இது நிற்காது.

எப்போதும் இவர்கள் சண்டை போட்டுப் பிரிந்துகொண்டே இருந்தால் கோமாளிக் கூட்டமாகிவிடும் அல்லவா? அங்கேதான் 1986-87-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய அவெஞ்சர்ஸ் முற்றுகைக் கதை முக்கியமாகிறது. அதில் பழைய ஜீமோவின் மகன் ஒரு பெரும் கூட்டத்தைச் சேர்த்து, தனித்தனி மோதல் என்ற பழைய முட்டாள்தனத்தைக் கைவிட்டு, நாயகர்கள் சிதறியிருக்கும் நேரம் பார்த்து அவர்கள் மாளிகையையே பிடித்துவிடுகிறான். ஹெர்குலிஸை அடித்து நினைவிழக்கச் செய்கிறார்கள், வீட்டு மேலாளர் ஜார்விஸைக் கேப்டன் அமெரிக்காவின் கண்ணெதிரே சித்திரவதை செய்கிறார்கள், கேப்டனிடம் எஞ்சியிருந்த அவர் அம்மாவின் புகைப்படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் கிழிந்த படம் உலக அழிவு மிரட்டல்களைவிட அதிகமாக வலிக்கும். கூட்டணி ஒருமுறை அணியாக மாறினால் என்ன ஆகும் என்று காட்டிய கதை அது. அதனால்தான் மற்ற நேரங்களில் அவர்கள் பிரிவது நமக்கு நிம்மதியாகவும் இருக்கிறது.

அதே ஜீமோ மகன் 1997-இல் இன்னொரு வேலை பார்த்தான். பெரிய நாயகர்கள் எல்லாம் செத்துவிட்டதாக உலகம் நம்பிய நேரத்தில் 'தண்டர்போல்ட்ஸ்' என்ற புது நாயகர் குழு வந்து மக்கள் மனத்தைக் கவர்கிறது. முதல் இதழின் முடிவில் முகமூடி கழன்றால், அத்தனை பேரும் மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில். எழுத்தாளர் கர்ட் பியூசெக்கும் ஓவியர் மார்க் பேக்லியும் செய்த அந்தத் திருப்பத்தைவிட அதற்குப் பின்னால் வருவது அழகு: வேஷம் போட்டவர்களில் சிலருக்கு வேஷமே பிடித்துப்போய்விடுகிறது, காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்லும்போது உள்ளுக்குள் என்னவோ செய்கிறது. நல்லவன் கெட்டுப்போகலாம், அல்லது அப்படியே இருக்கலாம், கெட்டவன் திருந்தவும் செய்யலாம் இன்னும் மோசமாகவும் ஆகலாம், திருந்தினாலும் பழைய கூட்டாளிகள் விடுவார்களா என்பது தனிக் கேள்வி. வில்லன் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இத்தனை கதவுகள் திறந்து கிடக்கின்றன, எழுதுகிறவருக்கு அது கொண்டாட்டம்.

ஆக, பொதுச் சொல்லாக 'சூப்பர்வில்லன் கூட்டணி' என்று எழுதலாம், சூப்பரையும் தவிர்க்க விரும்புகிறவர்கள் 'மீவில்லன் கூட்டணி' என்று வைத்துக்கொள்ளட்டும். கும்பல் என்று எழுத வேண்டாம், கும்பலுக்குத் திட்டம் கிடையாது, இவர்களுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. கழகம், சங்கம் எல்லாம் அவர்களே பெயரில் 'சொசைட்டி' என்று வைத்துக்கொண்டால் மட்டும் பொருந்தும். வில்லிகளும் இருக்கிறார்களே என்றால், 'வில்லர் கூட்டணி' என்று பலர்பாலில் எழுதிப் பார்க்கலாம், காது பழக நாளாகும், அதுவரை வில்லன் கூட்டணி என்றே ஓடட்டும்.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் இந்தச் சொல் சரிவராது. 'சூசைட் ஸ்குவாட்' என்ற பெயர் 1959-லேயே வேறொரு குழுவுக்கு இருந்தது, வில்லன்களைக் கொண்ட இன்றைய வடிவம் 1987-இல் ஜான் ஓஸ்ட்ராண்டர் உருவாக்கியது. லூசியானாவில் உள்ள பெல் ரீவ் சிறையிலிருந்து கைதிகளை எடுத்து, தண்டனைக் குறைப்பு ஆசை காட்டி, தப்பித்தால் வெடிக்கும் வளையத்தைக் கையில் மாட்டி, யாரும் உயிரோடு திரும்ப வாய்ப்பில்லாத வேலைகளுக்கு அமாண்டா வாலர் என்ற அரசு அதிகாரி அனுப்புவார். வளையம் வெறும் மிரட்டலா நிஜமா என்று தெரிந்துகொள்ள அந்தக் கைதிகளில் ஒருவனான கேப்டன் பூமராங்குக்கு ஆசை. 'எல்லாம் சும்மா, நீ ஓடு' என்று சக கைதி ஸ்லிப்நாட்டை உசுப்பிவிடுகிறான். அவன் ஓடுகிறான், கை போய்விடுகிறது, பூமராங்குக்கு விடை கிடைத்துவிடுகிறது. இவர்கள் கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்கள் இல்லை, இன்னொருவர் கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள். இதை அப்படியே 'தற்கொலைப் படை' என்று மொழிபெயர்க்கிறார்கள், தமிழில் அது உடம்பில் வெடிகுண்டு கட்டிக்கொண்டு தாமே போகிறவர்களைக் குறிக்கும், கதைக்கே மாறாகப் போய்விடும். 'பலிகடாப் படை' என்று போடுங்கள்.