பிலிபஸ்டர்னா கூலிப்படையா? இல்லைங்க

பிலிபஸ்டர்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் தோணுறது அமெரிக்க செனட்தான், மசோதாவை ஓட்டுக்கு விடாம மணிக்கணக்கா பேசியே இழுத்தடிக்கிறது, 1957ல ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி நேரத்துக்கு மேல பேசினாரே அது. ஆனா அதுக்கு முன்னாடி இந்த வார்த்தை துப்பாக்கியோட வர்ற ஆளைத்தான் குறிச்சுது.

மூலம் டச்சு. 'வ்ரைபாய்டர்', அதாவது யாருக்கும் கட்டுப்படாம கொள்ளையடிக்கிறவன். அதையே இங்கிலீஷ்காரங்க ஃப்ரீபூட்டர்னு ஆக்கிட்டாங்க, ஸ்பானிஷ்ல ஃபிலிபுஸ்தேரோ ஆச்சு, கரீபியன் கடல் கொள்ளையருக்கு அந்தப் பேரு. 1850கள்ல அது பிலிபஸ்டரா, சொந்தமா ஆள் சேர்த்துக்கிட்டு அடுத்த நாட்டைப் பிடிக்கப் போறவன்ங்கிற அர்த்தத்துல, இங்கிலீஷுக்குத் திரும்பி வந்தப்போ கூடவே ஒரு ஆளு ஞாபகத்துக்கு வந்தாரு, வில்லியம் வாக்கர்.

1824ல அமெரிக்காவோட நாஷ்வில்ல பொறந்தவரு, டாக்டருக்குப் படிச்சு, வக்கீல் ஆகி, பத்திரிகையில எழுதி, எதுலயும் நிக்கலை. 1853ல 45 பேரைக் கூட்டிட்டுப் போயி மெக்சிகோவோட லா பாஸைப் பிடிச்சு தன்னையே ஜனாதிபதின்னு அறிவிச்சுக்கிட்டாரு! அது ஊத்திக்கிச்சு, திரும்பி வந்தா அமெரிக்க நடுநிலைச் சட்டத்தை (சமாதானமா இருக்கிற நாட்டு மேல தனி ஆளுங்க படையெடுக்கக் கூடாதுங்கிற சட்டம்) மீறினதா கேஸ், சான் பிரான்சிஸ்கோ ஜூரி எட்டே நிமிஷத்துல விட்டுட்டாங்க. 1855ல நிகரகுவா உள்நாட்டுச் சண்டையில ஒரு கட்சி கூப்பிட்டுச்சுன்னு சுமார் 60 பேரோட போனவரு, அடுத்த வருஷம் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி. ஒழிச்சிருந்த அடிமை முறையை மறுபடி கொண்டு வந்தாரு, இதுக்கு மேல அந்த ஆளைப் பத்தி நல்லதா சொல்ல என்ன இருக்கு. கோஸ்டாரிகா தலைமையில பக்கத்து நாடுகள் சேர்ந்து 1857ல விரட்டுனாங்க. ஆசை விடலை, 1860ல மறுபடி மத்திய அமெரிக்காவுக்குப் போயி பிரிட்டிஷ் கடற்படைகிட்ட மாட்டி, அவங்க ஹோண்டுராஸ்கிட்ட ஒப்படைக்க, அங்க த்ருஹியோங்கிற ஊர்ல சுட்டுட்டாங்க. வயசு 36.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? நிறைய பேர் 'கூலிப்படை'ன்னு எழுதுறாங்க. கூலிப்படைக்காரன் காசு வாங்கிட்டு இன்னொருத்தனுக்காகச் சண்டை போடுவான், வாக்கர் நிகரகுவாவுக்கு அப்படித்தான் உள்ள போனாரு, ஆனா கூப்பிட்டவன் வீட்டையே எடுத்துக்கிட்டாரே. அதனால என் ஓட்டு 'நாடுபிடிப்பான்'. ராபர்ட் கிளைவும் நாடு பிடிச்சவர்தானேன்னு கேப்பீங்க, ஆனா அவருக்குப் பின்னாடி கிழக்கிந்தியக் கம்பெனி இருந்துச்சு, வாக்கர் மேல சொந்த அரசாங்கமே கேஸ் போட்டுச்சு. அந்த வித்தியாசம் வேணும்னா 'தான்தோன்றி நாடுபிடிப்பான்'னு போடுங்க, கொஞ்சம் நீளம்தான். செனட் சமாச்சாரத்துக்கு 'இழுத்தடிப்புப் பேச்சு'ன்னா போதும்.