ஆவி வருமுன் இறக்கு

எங்கள் வீட்டில் அடுப்பேறும் பாத்திரங்களுக்கெல்லாம் ஒரே விதிதான்: ஆவி வந்தால் வெந்தது. இட்லிக் கொப்பரை, புட்டுக்குழாய் எல்லாம் அப்படி. பாளையங்கோட்டை வீட்டில் மோக்கா பாட் என்கிற காபி போடும் பாத்திரத்தை முதல்முறை அடுப்பில் வைத்தபோது ஆச்சியும் பக்கத்தில் நின்று ஆவிக்காகத்தான் காத்திருந்தாள்.

"என்னல இது, கொப்பரைக்குப் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு?"

உள்ளே குபுகுபுவென்று சத்தம் கேட்டதும், "ஆவி வந்துட்டுல்லா, இறக்குல" என்றாள். இறக்கிக் குடித்தால் வேப்பங்கொழுந்து தோற்றது.

எட்டுப் பட்டை வைத்த அலுமினியப் பாத்திரம் இது. 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெத்தியின் பட்டறையிலிருந்து வந்தது. கீழே தண்ணீர் அறை, நடுவே காபித்தூள் போடும் புனல், மேலே காபி சேரும் குடுவை. புனலின் வால் கீழறையின் அடிக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்கியிருக்கும். தண்ணீரை சேஃப்டி வால்வுக்குக் கீழே நிறுத்த வேண்டும். அதற்கு மேலே மிஞ்சுகிற இடத்தில் வெறும் காற்று. சூட்சுமம் அந்தக் காற்றில்தான்.

தண்ணீர் ஆவியாகி மேலே போய்த் திரும்பவும் தண்ணீராகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தண்ணீர் தண்ணீராகவே ஏறுகிறது, அதுவும் கொதிப்பதற்கு முன்பே. 30 டிகிரியில் அடைபட்ட காற்று 70 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். விரிய இடமில்லாததால் அதன் அழுத்தம் கூடும். அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து எழும் நீராவியும் அதோடு சேரும். இரண்டையும் கூட்டினால் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 1.4 மடங்கு. கூடுதலாக உள்ள அந்த 0.4 பங்கே தண்ணீரை நாலு மீட்டர் தூக்கப் போதும். இங்கே ஏற வேண்டியதோ ஒரு சாண்கூட இல்லை. காற்றே இல்லாமல் இருந்தால் நீராவி ஒன்றே வெளிக்காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டும். அதற்குத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியாக வேண்டும்.

தண்ணீர் மேலே போகப்போக, காற்று பரவ இடம் கிடைத்து அதன் தள்ளல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட நீராவி கூட வேண்டும், அதற்குச் சூடும் ஏற வேண்டும். அதனால் முதலில் வரும் காபி மிதமான சூட்டில் இறங்கியது; பின்னால் வருவது கொதிநிலையை நெருங்கியது, தூளின் கசப்பையெல்லாம் வழித்துக்கொண்டு வரும். நீர்மட்டம் புனலின் வாலுக்குக் கீழே போனதும் ஆவி வெறும் தூளுக்குள் பாய்கிறது. அதுதான் அந்தக் குபுகுபு.

வெந்நீர் ஊற்றி ஆரம்பிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. தூள் அடுப்பில் காயும் நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அடைபடுவது ஏற்கெனவே சூடான காற்று; அது மேற்கொண்டு தள்ளுவது கொஞ்சம்தான், தண்ணீர் இன்னும் சூடாகவே ஏறும். கருக வறுத்த நம் ஊர்த் தூளுக்கு இது ஆகாது. பச்சைத் தண்ணீரே போதும் என்பது என் கட்சி. (சித்திரை மாசம் மாடித் தொட்டியிலிருந்து வருவது பச்சைத் தண்ணீர்தானா என்பது வேறு விஷயம்.)

இதில் வருவது எஸ்பிரெஸோ என்றால் காபிக் கடைக்காரர் சிரிப்பார். அவருடைய எந்திரம் சுமார் 9 பார் அழுத்தம் தரும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்). இது 1, மிஞ்சினால் 2. ஆனாலும் திடமான காபிதான்.

அந்தக் குறைந்த அழுத்தத்தால்தான் தூள் விஷயத்தில் கவனம் வேண்டும். மணலுக்குள் தண்ணீர் பாய்கிற கணக்கை 1856இல் பிரான்சின் ஹென்றி டார்சி வெளியிட்டார். காபித்தூளுக்கும் அதே கணக்குதான். துகளின் அளவு பாதியானால் தடை ஏறத்தாழ நாலு மடங்காகும். இது தெரியாமல் ஒரு நாள் சிக்கரி கலந்த நைஸ் தூளை ஃபில்டருக்கு அமுக்குவதுபோல் அமுக்கி வைத்தேன். சிக்கரி பிசுபிசுத்து வழியை அடைத்துவிட்டது. மேலே ஒரு சொட்டு வரவில்லை. கீழே சேஃப்டி வால்வு சீறியது. ஆச்சி அடுக்களையை விட்டே போய்விட்டாள். சிக்கரி இல்லாத தூளை, ரவையை விடச் சற்றே நைஸாக அரைத்து, அமுக்காமல் நிரப்பினால் போதும்.

இப்போதெல்லாம் சின்ன பர்னரில், தீயைச் சிம்மில் வைக்கிறேன். ஆனிக் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தாவிட்டால் தீ நிற்காது. மூடியைத் திறந்து வைத்தால் காபி தேன்போல வழிவது தெரியும். நிறம் வெளுத்து நுரை கட்டத் தொடங்கும்போது இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால், உள்ளே அழுத்தம் தணிந்து மேலே ஏறுவது நின்றுவிடும்.

"ஆவியே வரலியல, அதுக்குள்ள எறக்குத?" என்று ஆச்சி இன்னமும் கேட்கிறாள். கேட்டுக்கொண்டே தன் டம்ளரை நீட்டுகிறாள், பாலும் கருப்பட்டியும் ஏற்கெனவே போட்டு.