இங்கிலாந்தின் திறந்தவெளியில் நடக்கும் உரிமை: யாருக்கு, எங்கே, எந்த நிபந்தனையோடு?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு மூர்நிலத்தில், அதாவது மரங்கள் அதிகமில்லாத மேட்டுப் புதர்நிலத்தில், பாதையை விட்டு விலகி, நம் விருப்பப்படி நடக்கலாமா? நிலம் தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும் பல இடங்களில் நடக்கலாம். கட்டணம் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கிராமப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம் 2000 தரும் உரிமை இது. அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாணவர் விசாவில் வந்தவருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதே உரிமைதான்.

இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949-இல் வந்தது. திறந்தவெளி உரிமை நாடு முழுக்க நடைமுறைக்கு வர 2005 ஆகிவிட்டது.

இந்த உரிமை எங்கெல்லாம் செல்லும்? மலை, மூர், ஹீத் எனப்படும் புதர்வெளி, டவுன் எனப்படும் மேட்டுப் புல்வெளி, 'காமன்' (ஊரார் மேய்ச்சல் போன்றவற்றுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் நிலம்) என்று பதிவான நிலம், முக்கியமாக இவைதான். இங்கிலாந்தின் பரப்பில் இது ஏறக்குறைய 8 சதவீதம். என்னைக் கேட்டால் குறைவுதான். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்த நிலங்களுக்கு வெளிர்மஞ்சள் பூசியிருப்பார்கள். உழுத வயல், வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் உள்ள இடம், தோட்டம், கோல்ஃப் மைதானம் எல்லாம் விலக்கு. அங்கே பொது நடைபாதை இருந்தால் அதில் தாராளமாகப் போகலாம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. மஞ்சள் அம்புக்குறி நடைபாதையைக் காட்டும். கோதுமை வயலின் நடுவே பாதை போனாலும் தயங்க வேண்டாம், அது உங்கள் வழி.

உரிமை கால்நடையாகப் போவதற்கு மட்டும். சைக்கிள், குதிரை, கூடாரம், நெருப்பு மூட்டுவது, ஏரியில் குளிப்பது எதுவும் இதில் சேராது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் ஒரு விதிவிலக்கு: அங்கே 1985-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி 'காமன்' நிலத்தில் கூடாரம் போடலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கே உரிமை இதைவிட மிகப் பெரியது.

அப்புறம் நாய். இந்த விதியைத்தான் பலர் மீறுகிறார்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இந்த நிலங்களில் நாயை 2 மீட்டருக்கு மிகாத, நீளம் மாறாத வாரில்தான் பிடித்துச் செல்ல வேண்டும். ஆடு மாடு அருகில் இருந்தால் ஆண்டு முழுக்க இதே விதி. காரணம் தரையில் இருக்கிறது. வானம்பாடி, பக்கி என்னும் இரவுப்பறவை, நம் ஆள்காட்டிக்கு உறவான லேப்விங், நீண்டு வளைந்த அலகுள்ள கர்ல்யூ எல்லாம் அந்த மாதங்களில் புல்லுக்கும் ஹெதர் செடிக்கும் நடுவே, வெறும் தரையில்தான் முட்டையிடுகின்றன. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருவதும் இதே கர்ல்யூ இனம்தான். பிரிட்டனில் அது ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நாய் எதையும் கடிக்கவே வேண்டாம். ஓடி வந்தாலே தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும், காகம் பார்த்துவிடும். அந்த வருடத்தின் குஞ்சுகள் அதோடு போயிற்று.

இதற்கு மேல் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டம் 1981 எல்லா நிலத்திலும் செல்லும். காட்டுப்பறவை பயன்படுத்தும் கூட்டையோ முட்டையையோ வேண்டுமென்றே எடுப்பதும் அழிப்பதும் குற்றம். மீன்கொத்தி, கூகை போன்ற சிறப்புப் பட்டியல் பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம். ஒரு நல்ல படத்துக்காகக் கிட்டே போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. வசந்தத்தில் காடெல்லாம் நீலமாக விரியும் புளூபெல் பூவுக்கும் இது பொருந்தும்.

திறந்தவெளி விதியை மீறினால் அந்த இடத்தில் நீங்கள் அத்துமீறியவர் ஆகிவிடுவீர்கள். வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும். அடுத்த 72 மணி நேரத்துக்கு அந்த உரிமையாளரின் நிலத்தில் இந்த உரிமை உங்களுக்கு இல்லை.

சில நாட்களில் நிலத்தையே மூடி வைப்பார்கள். உரிமையாளர் ஆண்டுக்கு 28 நாள் வரை மூடலாம். காட்டுத்தீ அபாயம் இருந்தாலோ, பறவைகளைக் காக்க வேண்டியிருந்தாலோ அதிகாரிகளும் மூடுவார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன் இங்கிலாந்துக்கு நேச்சுரல் இங்கிலாந்து, வேல்ஸுக்கு நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் வெளியிடும் இணைய வரைபடத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.