எக்சைட்டபிலிட்டி என்பதற்குத் தமிழில் கிளர்திறன்

தூண்டல் கிடைத்தால் ஒரு நரம்பு செல் எவ்வளவு எளிதில் மின்துடிப்பை எழுப்பும் என்பதே எக்சைட்டபிலிட்டி. உசுப்புதல், வெளிவர அழைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையான ‘எக்சிட்டாரே’யிலிருந்து வந்தது. உயிருள்ளவற்றின் பொதுப் பண்பு என்ற பொருளில் 1780-இல் இதை மருத்துவத்தில் முன்வைத்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் பிரவுன்.

இதைக் ‘கிளர்ச்சி’ என்று எழுதுவது பிழை. கிளர்ச்சி என்பது நடந்துகொண்டிருக்கும் நிலை. இங்கே பேசப்படுவதோ துடிப்பே இல்லாத நேரத்திலும் செல்லிடம் இருக்கும் திறன். போராட்டம் என்ற பொருளும் குறுக்கே வந்து குழப்பும். ‘கிளர்திறன்’ போதும், வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

ஓய்வில் செல்லின் உட்புறம் ஏறத்தாழ -70 மில்லிவோல்ட்டில் இருக்கும். -55 என்ற வரம்பை ஒட்டி ஏறினால் துடிப்பு எழும். அடுத்தடுத்துத் துடித்தால் உள்ளே வரும் கால்சியம், செல்லின் சவ்வில் பொட்டாசியம் கடக்கும் வழிகளான பொட்டாசியக் கால்வாய்கள் சிலவற்றைத் திறந்துவிடும். பொட்டாசியம் வெளியேறுவதால் மின்னழுத்தம் ஓய்வுநிலைக்கும் கீழே போய், அடுத்த துடிப்பு தடைபடும். இந்தப் பின்னிறக்கம் குறைந்தால் கிளர்திறன் கூடும்.

கற்றல் செய்வதும் இதைத்தான். ஒலி முடிந்து அரை நொடி கழித்து முயலின் கண்ணில் காற்றை ஊதிப் பழக்கினால், காற்று வருமுன்பே அது இமையை மூடக் கற்றுக்கொள்ளும். கற்ற முயலின் ஹிப்போகாம்பஸ் (நினைவு உருவாக உதவும் மூளைப் பகுதி) செல்களில் பின்னிறக்கம் சிறுத்திருக்கும்; அதே அளவு மின்னோட்டத்துக்குக் கூடுதல் துடிப்புகள் வரும். ஆனால் ஏழு நாளில் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன, முயலோ பாடத்தை மறப்பதில்லை. ஆகவே ஹிப்போகாம்பஸில் கூடிய கிளர்திறனை நினைவின் இருப்பிடம் என்று எழுதக் கூடாது. நினைவு நிலைபெறுவதற்கு வாய்ப்பான காலம் அது. எந்தச் செல்கள் நினைவில் பங்கேற்கும் என்பதையும் கிளர்திறன் ஓரளவு முடிவு செய்கிறது: எலியின் அமிக்டலாவில் (அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி) அச்சத்தைக் கற்கும் வேளையில் கிளர்திறன் மிகுந்திருக்கும் செல்களே அந்த நினைவில் அதிகம் இடம்பெறுகின்றன.

அளக்கும்போது எல்லாச் செல்களையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்தி, ஒரே அளவு மின்னோட்டம் செலுத்தித் துடிப்புகளை எண்ண வேண்டும். செல்லை அளக்கும் கண்ணாடி நுண்குழாய் சரியாக ஒட்டாமல் கசிந்தால் செல் தானாகவே வரம்பை நெருங்கி, பொய்யாகக் கிளர்திறன் மிகுந்ததாகத் தெரியலாம். நரம்பு செல்கள் இணையும் இடமான சினாப்ஸ் வழி வரும் சமிக்ஞைகளை மருந்தால் அடைக்காவிட்டால், அண்டைச் செல்களின் பாதிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். அடைத்த பின் செல்லுக்கென்று எஞ்சுவது இன்ட்ரின்சிக் எக்சைட்டபிலிட்டி, அதாவது உள்ளார்ந்த கிளர்திறன். வலிப்பு நோயில் காண்பது மிகைக் கிளர்திறன்.