பூச்சாட்டிய அன்று நிறுத்திய மாத்திரை

மனச்சோர்வு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டுத் தடுமாறி வந்தவர்கள் பங்குனியில் மட்டும் நான்கு பேர். நான்காவதாக வந்த பெண்ணை அனுப்பிவைத்த இரவுதான் இதை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். தை மாதத்திலிருந்து மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். பசி திரும்பியிருந்தது, உறக்கம் திரும்பியிருந்தது, மகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குக் கிளம்பும் அளவுக்குத் தேறியிருந்தார். ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய அன்று, "அதுதான் நன்றாகிவிட்டதே, விரத நாளில் மாத்திரை எதற்கு?" என்று மாமியார் சொல்ல, நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், மெஷினிலிருந்து தலையைத் திருப்பும்போதெல்லாம் கிறுகிறுப்பு. "தலைக்குள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதுங்க டாக்டர்" என்றார். குமட்டல், கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை. அழைத்து வந்த மாமியார் உட்காரும் முன்பே கேட்டார்: "பாருங்க சாமி, மாத்திரை எங்கள் பிள்ளையை அடிமையாக்கிவிட்டதுங்களே?"

இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அடிமைப்பட்ட மனிதரை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மனம் சாராயத்தையே தேடும். நேற்று குடித்த அளவு இன்று போதாது. அதற்காகக் கடன் வாங்குவார், வேலையை விடுவார், கெடுதல் என்று தெரிந்தும் போவார். மனச்சோர்வு மாத்திரையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாகப் போட்டுக்கொண்டாலும் போதை வராது, வயிற்றைப் பிரட்டும், அவ்வளவுதான். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடும்போது மூளை அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. சட்டென்று எடுத்துவிட்டால் தடுமாறுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலையும், பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும்கூட ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அவற்றை அடிமை மாத்திரை என்று யாராவது சொல்கிறார்களா? மனதுக்கு என்றவுடன் மட்டும் ஏன் இந்தப் பழி?

இன்னொன்று. நிறுத்தியதால் வரும் தொல்லை வேறு, நோய் திரும்புவது வேறு. முன்னது சில நாட்களுக்குள் வரும், கரண்ட் அடிப்பது போன்ற புதுத் தொல்லைகளோடு வரும், மாத்திரையை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். நோய் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் திரும்பும். மனச்சோர்வு மாத்திரைகளில் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்தும் தொல்லை அதிகம். ஃபுளுவாக்ஸெட்டின் உடலில் நீண்ட நாள் தங்குவதால் அதில் குறைவு.

பயம் முழுவதும் மக்களின் தவறு என்று சொல்லமாட்டேன். எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமையும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். பழக்கமாகக்கூடியது அந்த இரண்டாவது மருந்து. முதல் சில வாரப் பதற்றத்துக்குக் கொடுத்ததைப் பழைய சீட்டைக் காட்டிக் காட்டி ஆறு ஆண்டுகள் வாங்கிச் சாப்பிட்ட ஒரு மஞ்சள் வியாபாரி கோபியிலிருந்து என்னிடம் வந்தார். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குளோனசிபாம், லோராசிபாம், அல்பிரசோலாம் என்று இருந்தால் "இது எத்தனை நாளைக்கு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தொடங்கும்போது குமட்டலும் தலைவலியும் படபடப்பும் முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். பலரும் மாத்திரையைத் தூக்கிப் போடுவது இந்த இடைவெளியில்தான். பொறுங்கள், முடியவில்லையென்றால் மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அந்த நாட்களில் அட்டை வீட்டுப் பெரியவர் கையில் இருக்கட்டும். தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்து டப்பாவைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். தூக்கமே இல்லாமல் ஒருவர் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசுகிறார், பணத்தை வாரி இறைக்கிறார் என்றால் அன்றே அழைத்து வாருங்கள்.

பக்கத்து மெஷின்காரர் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். மூட்டுவலிக்கு வேறு மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலி மருந்து இதோடு ஒத்துப்போகாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பமானால் நீங்களாக நிறுத்தாதீர்கள், வந்து பேசுங்கள். செலவுதான் தடை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து இலவசம். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண் அன்றே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். சித்திரைக் கடைசியில் இருவரும் வந்தார்கள். "இன்னும் எத்தனை மாதமுங்க?" என்று மாமியார் கேட்டார். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், தை பிறக்கட்டும், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றேன். அவர் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, "தினமும் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேனுங்க" என்றார்.