காயில் பிளேட், ஸ்டேட்டர், நிலையகம்

மோட்டார் சைக்கிளின் பேட்டரிக்கு மின்னேற்ற எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் செம்புச் சுருள் பாகத்துக்குப் பட்டறையில் காயில் பிளேட் என்று பெயர். உதிரிபாகக் கடையிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அது வரும் அட்டைப் பெட்டியில் ஸ்டேட்டர் என்று அச்சிட்டிருக்கும். தமிழில் நிலையகம். மோட்டார் சைக்கிளின் மின்னேற்றப் பாகங்களை வீட்டிலேயே மாற்ற முனைபவருக்கு, இந்த மூன்றில் உண்மையாகவே வழிகாட்டுவது கடைசிப் பெயர்தான்.

ஸ்டேட்டர் இலத்தீனிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். பண்டைய ரோமாபுரியில் ஜூபிடர் கடவுளுக்கு ஸ்டேட்டர் என்றொரு பட்டம் உண்டு; புறமுதுகிட்டு ஓடும் படையை நிற்கவைப்பவர் என்பது பொருள். இதன் இணையான ரோட்டார், சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' வழியில் வந்தது. ஒன்று நிற்பது, மற்றது சுழல்வது.

தமிழிலும் நில் என்ற வேரிலிருந்தே நிலை பிறக்கிறது. நான்கு வீதியும் சுற்றிய தேர் வந்து நிற்கும் இடத்தை நிலை என்கிறோம். கதவு அசைய, அசையாமல் அதைத் தாங்கும் சட்டமும் நிலைதான். நூலகம், பணியகம் போல இடத்தைச் சுட்டும் 'அகம்' சேர்ந்து நிலையகம் ஆயிற்று. இங்கே அகம் என்பதற்கு 'உள்ளே' என்று பொருள் கொள்ளக்கூடாது. மின்விசிறியில் நிற்கும் சுருள் நடுவில் இருக்கிறது, வெளிக்கூடு சுற்றுகிறது. தண்ணீர் மோட்டாரிலோ சுருள் வெளியே நிற்கிறது, உள்ளிருப்பது சுற்றுகிறது. இரண்டிலும் நிற்பதே நிலையகம். சுற்றுவதைச் சுழலி எனலாம். பட்டறையில் அதை மேக்னெட் என்பார்கள்.

காயில் பிளேட் என்ற பெயரையும் நான் தாழ்வாக எண்ணவில்லை. பழைய வண்டிகளில் சுருள்கள் ஒரு வட்டத் தகட்டின் மேல் அமர்ந்திருந்தன. அந்த வடிவம் மாறிய பிறகும் மெக்கானிக்குகளின் நாவில் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. காந்தம் சுற்றும்போது அருகில் நிற்கும் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பது 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின் வழி வந்தது. சுருள் அசைவதில்லை, எதனோடும் உரசுவதுமில்லை. ஆகவே நிலையகம் தேய்ந்து கெடுவது அரிது. வெப்பத்தில் கருகியே கெடுகிறது.

இது புரியாமல் நான் ஓராண்டில் இரண்டு பேட்டரி வாங்கினேன். மூன்றாவது வாங்கப் போனபோது எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், "தம்பி, பேட்டரியை விட்டுவிட்டு அந்த மூன்று மஞ்சள் கம்பிகளைப் பாருங்கள்" என்றார். நிலையகத்திலிருந்து வரும் அந்தக் கம்பிகளின் இணைப்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தேன். பொதுவாகக் கம்பிகளில் எந்த இரண்டுக்கு இடையிலும் மின்தடை ஏறக்குறைய ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். எந்தக் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. என் வண்டியில் தொடர்பு இருந்தது. சுருளின் மின்காப்பான வார்னிஷ் எரிந்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது.

புதிய நிலையகம் மாட்டும் முன் ஆர்.ஆர். யூனிட்டையும், அதாவது ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த பாகத்தையும், சோதிக்க வேண்டும். ரெக்டிஃபையர் என்பதில் உள்ள 'ரெக்டஸ்' இலத்தீனில் நேரானது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவதால் தமிழில் அலைதிருத்தி. கூட இருக்கும் ரெகுலேட்டர் சீராக்கி. அது கெட்டிருந்தால் புதிய சுருளையும் எரித்துவிடக்கூடும். பேட்டரிக்குச் சிலர் மின்தேக்கி என்று எழுதுவது தவறு; அது கப்பாசிட்டருக்கு உரிய பெயர். பேட்டரி மின்கல அடுக்கு.

எஞ்சின் ஆயிலை வடித்து இடப்பக்க மூடியைக் கழற்றினேன். என் வண்டியில் நிலையகம் மூடியின் உட்புறத்திலேயே மூன்று திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்ததால் மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் தேவைப்படவில்லை. மூடியின் விளிம்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் பழைய பேக்கிங்கை முழுவதும் சுரண்டி எடுத்துப் புதியது வைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது விரல்களில் கவனம் தேவை: காந்தம் மூடியை 'டக்'கென்று இழுத்துக்கொள்ளும்.

ஆயில் ஊற்றி எஞ்சினை முடுக்கி, பேட்டரி முனைகளில் அளந்தேன். 14.2 வோல்ட் காட்டியது; மின்னேற்றம் சரியாகிவிட்டது.