22 நிமிடத்தில் பயம் போய்விடுமா?

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் 'ஆளுக்கொரு பயம்' என்று ஓர் அத்தியாயம் எப்படியும் வந்துவிடும். சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். கடைக்காரருக்கு நாய் என்றால் நடுக்கம், ஆசிரியைக்குச் சிலந்தி, தபால்காரருக்கு லிஃப்ட். தபால்காரர் ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொள்வார். கூடவே மாட்டிக்கொண்ட நண்பர் எதையெதையோ பேசிப் பொழுதைப் போக்குவார். கதவு திறக்கும்போது பயம் போயிருக்கும். மொத்தம் 22 நிமிடம். "நிஜத்தில் இப்படிக் குணமாகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பயப்படும் பொருளை நேரில் சந்திக்க வேண்டும் என்ற அளவில் கதை சரி. சந்திக்கும் விதம்தான் தவறு.

அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். ஆபத்து என்று தோன்றினால் மூளையின் அமிக்டலா எச்சரிக்கை கொடுக்கும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும். பயம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்குக் காரணம் வேறு. தபால்காரர் லிஃப்டைக் கண்டதும் படியேறுகிறார். படபடப்பு சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதியே விலகிப்போனதற்குப் பரிசு. 'படியேறியதால் தப்பித்தேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. லிஃப்டில் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பத்து வருடம் தவிர்த்தால், பத்தாவது வருடமும் பயம் அன்று முளைத்ததுபோலவே இருக்கும்.

சரி, தவிர்க்காமல் திரும்பத் திரும்பச் சந்தித்தால்? பயம் குறைகிறது. ஆனால் அழிவதில்லை. இந்தத் துறையிலேயே அழகான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்.

மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய்களுக்கு, மணியை மட்டும் அடித்து உணவு தராமல் விட்டால் எச்சில் நின்றுவிடும். பழைய பாடம் அழிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் மணியடித்தால் எச்சில் தானாகவே திரும்ப வந்தது. அப்படியானால் பழைய பாடம் எங்கும் போகவில்லை, அதன்மேல் ஏதோ ஒன்று அமர்ந்து அமுக்கிக்கொண்டிருந்தது.

மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார். ஓர் அறையில் எலிக்குப் பயம் கற்பிக்கப்படுகிறது. தோற்றத்திலும் வாசனையிலும் வேறான இன்னோர் அறையில் அந்தப் பயம் தணிக்கப்படுகிறது. பிறகு முதல் அறைக்குக் கொண்டுவந்தால் பயம் மீண்டும் தலைதூக்குகிறது. பயத்தின் நினைவு எந்த இடத்துக்கும் எளிதாகப் பரவுகிறது. 'இது பாதுகாப்பு' என்ற புதிய நினைவோ, கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பரிணாமக் கணக்கில் இது நியாயமானதே. வீணாகப் பயந்தால் கொஞ்சம் சக்திதான் நஷ்டம், தவறாக நம்பினால் உயிரே நஷ்டம்.

2002-இல் மிலாட், க்வெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் புதிய நினைவைச் செல்களின் மட்டத்திலேயே பார்த்தார்கள். ஓர் ஓசைக்குப் பயப்படப் பழக்கி, பிறகு அந்தப் பயத்தைத் தணித்த எலிகளின் மூளையில், முன்பகுதியில் ஓரிடத்து நரம்பணுக்கள், 'அந்த ஓசை இப்போது ஆபத்தில்லை' என்பதை எலி நினைவுகூரும் வேளையில் சுறுசுறுப்பாயின. பயம் தணிக்கப்படாத எலிகளுக்கு, ஓசை கேட்கும்போது அதே இடத்தை மின்சாரத்தால் தூண்டியதும் பயத்தால் உறைந்து நிற்பது குறைந்தது. அமிக்டலாவை அடக்கும் கை அங்கிருந்துதான் நீள்கிறது. எலிக்கு ஓசை போட்டுப் பயம்காட்ட எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய பயச் சிகிச்சையின் முக்கியமான திருத்தங்கள் அந்த எலிக்கூண்டுகளிலிருந்து வந்தவை. இத்தகைய ஆய்வுக்குத் தாராளமாகவே நிதி தர வேண்டும்.

இப்போது தபால்காரரிடம் திரும்புவோம். அவர் தெரியாமல் மாட்டிக்கொண்டார், யாரோ வந்து மீட்டார்கள். 'நண்பர் இருந்ததால் பிழைத்தேன்' என்று அவர் மூளை பதிந்துகொண்டால், அடுத்தமுறை தனியாக ஏறும்போது பயம் அப்படியே நிற்கும். கையில் தண்ணீர்ப் பாட்டில், பொத்தானை விட்டு அகலாத விரல், ராசியான மோதிரம் எல்லாம் அந்த நண்பரைப் போலத்தான். மோதிரம் தைரியம் தருவதாகத் தோன்றும். நடந்த பாடத்தை அது திருடிக்கொள்கிறது. மூடநம்பிக்கையால் பணம்தான் வீண் என்று நினைப்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரியான முறை இப்படி. ஏறுவதற்கு முன் எதிர்பார்ப்பைக் குறிப்பாக எழுத வேண்டும். 'பயமாக இருக்கும்' என்று எழுதினால் பயனில்லை. '3 நிமிடத்தில் காற்றுப் போதாமல் மயங்கிவிடுவேன், 80 சதவீதம் உறுதி' என்று எழுதினால் அதைச் சோதிக்கலாம். பிறகு 3 நிமிடம் தாண்டியும் லிஃப்டிலேயே மேலும் கீழும் போய்வர வேண்டும். லிஃப்ட் காற்றுப் புகாத பெட்டி கிடையாது, காற்றோட்டத் துளைகள் உண்டு. இறங்கியதும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரியதோ, புதிய நினைவு அவ்வளவு ஆழமாகப் பதியும். உள்ளே இருக்கும்போதே படபடப்பு அடங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து, 'பயம் குறையவில்லையே' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பௌட்டனின் எலிகளை மறக்காமல், இடத்தையும் மாற்ற வேண்டும். ஒரே லிஃப்டில் நாற்பது முறை போவதைவிடப் பழையது, புதியது, கண்ணாடி வைத்தது, கூட்டமானது, காலியானது என்று பல லிஃப்டுகளில், பல நேரங்களில், தனியாகவும் போவது நல்லது. சில வாரம் கழித்துப் பயம் எட்டிப்பார்த்தால் பயிற்சி தோற்றதாகப் பொருளில்லை. பழைய நினைவு இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சில முறை ஏறினால் போதும்.

ஆசிரியையின் சிலந்திப் பயத்துக்கு, ஒரே அமர்வில் முடிக்கும் முறையை ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989-இல் விவரித்தார். ஆனால் அந்த ஓர் அமர்வு 3 மணி நேரம் வரை போகும். சிறிய சிலந்தியைக் கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகித் தூக்குவதில் தொடங்கும். சிகிச்சையாளர் முதலில் செய்துகாட்டுவார். அது பழகியபின் விரலால் தொடுதல், பிறகு கையில் ஊரவிடுதல், பிறகு பெரிய சிலந்தி. எந்தப் படியும் முன்னறிவிப்பின்றி வராது, கட்டாயமும் இல்லை. நகைச்சுவைக் காட்சியில் செய்வதுபோல் மடியில் தூக்கிப்போட்டால் பயம் கூடவும் செய்யலாம்.

ஒரே ஒரு பயத்துக்கு இந்த முறை மட்டும் போதாது. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயங்கி விழுவது அரிது. ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு பயப்படும் பலருக்கு இதயத் துடிப்பும் அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு சரிந்து, மயக்கம் வந்துவிடுகிறது. இவர்களிடம் 'உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்' என்பது நேர்மாறான அறிவுரை. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு 20 முதல் 30 நொடி இறுக்கத்தை விட வேண்டும். இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின் செய்யலாம். ஊசி போடும் நாளில் முதன்முதலாக முயன்றால் கை கொடுக்காது. ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினமும் பழகியிருக்க வேண்டும்.